கன்று மீளுமா?

ஒருவன் இன்னொருவனுக்கு அநியாயம் செய்துவிட்டான். அது ருசுவாகியும் விட்டது. இனி நியாயம் செய்ய வேண்டியது என்ன? தீங்கு செய்தவனைத் தண்டிப்பதா? தீங்கு பட்டவனுக்கு அவன் இழந்ததைத் திருப்பிக் கொடுப்பதா?

இரண்டும் ஒன்றுதானே என்று நம்மில் பலர் நினைக்கிறோம். திருடனைச் சிறையில் அடைத்துவிட்டார்கள் என்று பத்திரிகையில் படித்தால், நியாயம் நடந்துவிட்டது என்ற நிம்மதியோடு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். பறிகொடுத்தவளுக்குச் சங்கிலி திரும்பக் கிடைத்ததா என்று விசாரிக்கிறவர்கள் குறைவு.

மனுநீதிச் சோழன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்க்காலில் ஒரு கன்று அகப்பட்டு மாண்டது. தாய்ப் பசு அரண்மனை மணியை அசைத்தது. மன்னன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டான். இந்தக் கதையைக் கேட்டு வளராத தமிழ்க் குழந்தை இல்லை. ஆனால் மன்னனின் பெருமையைக் கேட்டுக் கண்கலங்கும் நாம், அந்தப் பசுவை மறந்துவிடுகிறோம். இளவரசன் மாண்டதால் பசுவுக்குக் கிடைத்தது என்ன? மடியில் பால் கட்டிக்கொண்டு அது வீதியிலேதான் நின்றிருக்கும். கதை சொன்ன பெரியோர்களுக்கு இது தெரிந்திருந்தது. அதனால்தான் தேர்க்காலோடு கதையை முடிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. சிவபெருமானை அழைத்து வருகிறார்கள். கன்று எழுகிறது, மகனும் எழுகிறான். தண்டிப்பது மன்னனால் முடிந்தது. மீட்டுத் தருவதற்குக் கடவுள் வரவேண்டியிருந்தது.

கடவுளுக்கென்று நாம் ஒதுக்கி வைத்த அந்த வேலையை மனிதர்களே செய்து பார்ப்போம் என்று துணிந்த ஒரு சபை அமெரிக்காவில் உண்டு. தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் என்று அதற்குப் பெயர். தண்டிப்பது அதன் வேலை அன்று. அநியாயம் நடந்தால் இழந்ததை மீட்டுத் தருவது அதன் வேலை. தொழிலாளர் சட்டம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் வக்கீல் அல்லன். கதை எழுதிப் பிழைக்கிறவன். இந்த வாரியத்தின் வேலையைப் பற்றிப் படிக்கப் படிக்க, நியாயத்தைப் பற்றி நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்த சில விஷயங்கள் ஆட்டம் காண ஆரம்பித்தன. அவற்றைத்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

1935-ஆம் ஆண்டு, பெருமந்தத்தில் அமெரிக்கா தத்தளித்துக்கொண்டிருந்த காலம். நியூயார்க்கைச் சேர்ந்த செனட்டர் ராபர்ட் வாக்னர் கொண்டுவந்த சட்டத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். தொழிலாளர் சங்கம் அமைக்கலாம், கூடிப் பேசலாம், கூட்டாகப் பேரம் செய்யலாம். அதைத் தடுக்க முதலாளி மிரட்டுவதும், வேலையிலிருந்து நீக்குவதும், கைப்பாவைச் சங்கம் வைத்துக்கொள்வதும், பேச மறுப்பதும் ‘நியாயமற்ற தொழில் நடைமுறை’கள் என்று அந்தச் சட்டம் வரையறுத்தது. 1947-ல் வந்த திருத்தம், சங்கங்கள் செய்யக்கூடிய அநியாயங்களையும் பட்டியலில் சேர்த்தது. வயலில் உழைக்கிறவர்களையும் வீட்டு வேலைக்காரர்களையும் சட்டம் வெளியே நிறுத்திவிட்டது. அது அதன் கறை. பெரிய கம்பெனிகள் இந்தச் சட்டமே செல்லாது என்று வாதாடின. பென்சில்வேனியா மாநிலத்தில் அலிக்விப்பா என்ற ஊரின் எஃகு ஆலையில் நீக்கப்பட்ட பத்துப் பேரின் வழக்கில், 1937-ல், ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் சட்டம் செல்லும் என்றார்கள். ஒரே ஒரு வாக்கில் பிழைத்த சட்டம் இது.

இந்தச் சட்டம் நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது? ஓர் ஆலையில் சங்கம் வேண்டும் என்று ஒரு பெண் கையெழுத்துச் சேகரிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மானேஜர் அவளைக் கூப்பிட்டு, “நீ நேற்று ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தாய்” என்று சொல்லிக் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடுகிறார். அவள் ஆறு மாதத்துக்குள் வாரியத்தின் வட்டார அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. விசாரணை அதிகாரி இரு தரப்பையும் கேட்கிறார். சாட்சிகளிடம் சத்திய வாக்குமூலம் வாங்குகிறார். வரும் புகார்களில் பாதிக்கு மேல் இந்தப் படியிலேயே திரும்பப் பெறப்படுகின்றன, அல்லது தள்ளுபடியாகின்றன. சாரம் உள்ளவை என்று தேறும் புகார்களில் மிகப் பெரும்பாலானவை ராஜியில் முடிகின்றன. ராஜிக்கு வராதவை, தனி நீதிபதி ஒருவர் முன் விசாரணைக்குப் போகின்றன. அங்கே அந்தப் பெண்ணின் புகாரை எடுத்து நடத்துகிறவர் சர்க்கார் வக்கீல். அதற்கு மேல் வாஷிங்டனில் ஐந்து பேர் கொண்ட வாரியம்; அதற்கும் மேல் நீதிமன்றங்கள்.

இந்த விசாரணையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. அவள் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தது உண்மையாகவே இருக்கலாம். கேள்வி அதுவல்ல. முதலாளி அவளை நீக்கியது தாமதத்துக்காகவா, கையெழுத்துகளுக்காகவா? அதாவது ஒரு மனிதனின் மனத்துக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். நாவலாசிரியர்கள் சுலபமாகச் செய்கிற வேலை. எங்களிடம் யாரும் சாட்சி கேட்பதில்லை. வாரியமோ சாட்சியோடு செய்தாக வேண்டும். அதே வாரத்தில் தாமதமாக வந்த மற்றவர்களை என்ன செய்தார்கள்? அவள் கையெழுத்துச் சேகரிப்பது மானேஜருக்கு எந்தத் தேதியில் தெரிந்தது? நீக்கியது எந்தத் தேதியில்? கையெழுத்தே வாங்காமல் இருந்திருந்தாலும் அவளை நீக்கியிருப்பார்களா? இப்படிச் சிறுகச் சிறுக ஒரு மனத்தை வெளியே கொண்டுவருகிறார்கள். மனிதன் தன் நோக்கத்தை வாயால் மறைக்கலாம். தேதிகளால் மறைக்க முடிவதில்லை.

சரி, நோக்கம் வெளிப்பட்டுவிட்டது. முதலாளிக்கு என்ன கிடைக்கும்? சிறையா? இல்லை. அபராதமா? இல்லை. அவளை மீண்டும் வேலையில் வைத்துக்கொள்ள வேண்டும். இடைக்காலச் சம்பளத்தை வட்டியோடு கொடுக்க வேண்டும். அதிலும் அவள் அந்த நாட்களில் வேறு இடத்தில் சம்பாதித்ததைக் கழித்துக்கொள்ளலாம். வேறு வேலை தேடாமல் சும்மா இருந்தாள் என்று காட்டினால் இன்னும் குறையும். கடைசியாக, ஆலையின் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதத்தை அறுபது நாள் ஒட்டிவைக்க வேண்டும். இவ்வளவுதான். முதலாளியைத் தண்டிக்கும் நோக்கத்தோடு வாரியம் ஒரு டாலர் கூட வாங்கக் கூடாது என்று 1940-லேயே உச்ச நீதிமன்றம் கோடு கிழித்துவிட்டது.

இதைப் படிக்கும் நம் மனம் கொதிக்கிறது. பசியோடு பிள்ளைகளைத் தூங்கவைத்த இரவுகளுக்கு இதுதானா விலை என்று கேட்கிறோம். 2022-ல் வாரியமே இதை உணர்ந்து, வேலை போனதால் நேர்ந்த வேறு பண இழப்புகளையும் ஈடுகட்ட வேண்டும் என்று தீர்மானித்தது. அதற்கு அதிகாரம் உண்டா என்பதில் மேல்முறையீட்டு மன்றங்கள் இரண்டு விதமாகப் பேசியிருக்கின்றன.

ஆனாலும் அவசரப்பட்டு இந்தத் தர்மத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. தண்டனையில் ஒரு ருசி இருக்கிறது. அது பட்டவனின் பசியைத் தணிப்பதில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் நம்முடைய கோபத்தைத் தணிக்கிறது. மேலும், வழக்கு முடிந்த மறுநாள் அந்த முதலாளியும் அந்தப் பெண்ணும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தாக வேண்டும். திருடனும் பறிகொடுத்தவளும் அப்படிக் கூடி வாழ வேண்டியதில்லை. சேர்ந்து வாழ வேண்டியவர்களுக்குள் வருகிற வழக்கில், பழி வாங்காமல் பழைய நிலையை மீட்டுக் கொடுத்து நிறுத்திக்கொள்வது ஒரு பெரிய அறிவு. குடும்பச் சண்டையை விலக்கிவிடும் நம் வீட்டுப் பெரியவர்கள் இதைத்தான் செய்தார்கள்.

நம் நாட்டுச் சட்டம் வேறு வழியில் போய்ப் பார்த்தது. தொழில் தகராறுச் சட்டத்துக்கு 1982-ல் செய்த திருத்தம் 1984-ல் அமலுக்கு வந்தது. நியாயமற்ற தொழில் நடைமுறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே என்றது அது. கேட்பதற்குக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் அந்த மணியைத் தொழிலாளி தானாக அசைக்க முடியாது. சர்க்கார் புகார் செய்தால்தான் நீதிமன்றம் அந்தக் குற்றத்தை விசாரணைக்கு எடுக்கும். வேலையை மீட்டுத் தரும் அதிகாரம் தொழிலாளர் நீதிமன்றங்களுக்குத் தனியாக இருந்தது. தொழிலாளர்கள் நாடியதும் அதைத்தான். அந்தச் சட்டம் இருந்த இடத்தில் இப்போது 2020-ன் தொழில் உறவுத் தொகுப்பு வந்துவிட்டது. ஏட்டிலே கர்ஜிக்கும் தண்டனையைவிட, கைக்கு வந்து சேரும் பழைய வேலை மேலானது என்பதை நம் அனுபவமும் சொல்லுகிறது.

அப்படியானால் எங்கே குறை? ஒரு பெண்ணின் வாழ்க்கையை வைத்துப் பார்ப்போம்.

வட கரோலினா மாநிலத்தில் ரோனோக் ராப்பிட்ஸ் என்று ஓர் ஊர். அங்கே ஜே. பி. ஸ்டீவன்ஸ் கம்பெனியின் நெசவாலையில் துவாலை மடிக்கும் வேலை பார்த்தார் கிரிஸ்டல் லீ என்ற பெண்மணி. கறுப்பர்கள் சங்கத்தைக் கைப்பற்றிவிடுவார்கள் என்று வெள்ளைத் தொழிலாளரைப் பயமுறுத்தும் கடிதம் ஒன்றை நிர்வாகம் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. 1973-ல் ஒரு நாள் அவர் அதை நகல் எடுத்தார். வேலை போயிற்று. வெளியேற்ற ஆள் வரும்முன் ஓர் அட்டையில் ‘யூனியன்’ என்று எழுதி, தம் மேஜைமேல் ஏறி நின்று, நாலா பக்கமும் காட்டினார். ஒவ்வொருவராகத் தங்கள் மெஷின்களை நிறுத்தினார்கள். ஆலை மௌனமாயிற்று. இதை வைத்து 1979-ல் வந்த ‘நார்மா ரே’ படத்தில் நடித்த சாலி ஃபீல்டுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. சங்கம் தேர்தலில் ஜெயிப்பதோடு படம் முடிகிறது.

ஆனால் வாழ்க்கை அங்கே முடியவில்லை. 1974 ஆகஸ்டில் சங்கம் தேர்தலில் ஜெயித்தது. முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது 1980 அக்டோபரில். இடையே சில வருஷங்கள் கழித்து, கிரிஸ்டல் லீயை மீண்டும் வேலைக்கு எடுத்துக்கொண்டு பழைய சம்பளத்தைக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. அவர் போனார். இரண்டு நாள் வேலை செய்தார். பிறகு விலகிக்கொண்டார்.

அந்த இரண்டு நாளைத்தான் நான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அவர் மனத்தில் என்ன இருந்தது என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் எந்த மனிதருக்கும் பொதுவான ஒன்றைச் சொல்லலாம். வேலை என்பது நாற்காலியும் சம்பளமும் மாத்திரம் அன்று. பக்கத்து மேஜைத் தோழி, பழகிய வழி, குழந்தைகளின் வயது, உடம்பின் பலம் எல்லாம் சேர்ந்த ஒரு காலம் அது. உத்தரவு மேஜையைத் திருப்பிக் கொடுக்கும். அந்தக் காலத்தை எந்த உத்தரவு திருப்பிக் கொடுக்கும்?

இன்னொரு கதை இதைவிடக் கசப்பானது. தென் கரோலினாவில் டார்லிங்டன் என்ற ஊரின் நெசவாலையில் 1956 செப்டம்பர் 6-ந் தேதி சங்கத் தேர்தல் நடந்தது. சங்கத்துக்கு 256 வாக்கு, எதிராக 248. ஆறு நாள் கழித்து இயக்குநர் சபை கூடி ஆலையையே மூடத் தீர்மானித்தது. நவம்பரில் தறிகள் நின்றன. டிசம்பரில் மெஷின்களைத் தனித்தனியாக ஏலம் போட்டுவிட்டார்கள். ஐந்நூறு பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். 1962-ல் வாரியம் அது அநியாயம் என்றது. 1965-ல் உச்ச நீதிமன்றம் ஒரு விநோதமான கோடு போட்டது. ஒரு முதலாளி தன் தொழில் முழுவதையும் எந்தக் காரணத்துக்காகவும் மூடிவிடலாம். ஆனால் மற்ற ஆலைகளின் தொழிலாளரைப் பயமுறுத்தும் நோக்கத்தோடு ஓர் ஆலையை மாத்திரம் மூடக் கூடாது. டார்லிங்டனுக்குப் பின்னால் டீரிங் மில்லிகன் என்ற பெரிய கம்பெனியும் அதன் பல ஆலைகளும் இருந்ததால், வழக்கு மீண்டும் வாரியத்துக்குத் திரும்பியது. 1968-ல் மேல்முறையீட்டு மன்றம் தொழிலாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிறகு யாருக்கு எவ்வளவு என்று கணக்கு. கடைசியில் 1980-ல் ஐம்பது லட்சம் டாலருக்கு ராஜி. இருபத்து நாலு வருஷம்! நூறு பேருக்கு மேல் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். அவர்கள் பங்கை வாரிசுகள் வாங்கிக்கொண்டார்கள். வேலையை மீட்டுத் தருவது எப்படி? அந்த ஆலைதான் ஏலத்தில் போய்விட்டதே!

அந்தப் பணம் சம்பள பாக்கியை ஈடுகட்டியிருக்கலாம். ஆனால் செப்டம்பர் 6-ந் தேதி அந்த 256 பேர் கேட்டது சம்பள பாக்கியை அல்ல. பேச ஒரு குரல் கேட்டார்கள். அது எந்த வருஷமும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்கு நேர்ந்ததைப் பார்த்த மற்ற ஆலைத் தொழிலாளர் கற்றுக்கொண்ட பாடத்தையும் எந்தக் காசோலையாலும் அழிக்க முடியாது.

இங்கேதான் இந்த அநியாயத்தின் உண்மையான உருவம் தெரிகிறது. கையெழுத்துச் சேகரித்த ஒருத்தியை நீக்குகிறவன் ஒருத்திக்குத் தீங்கு செய்யவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் தொண்ணூற்றொன்பது பேருக்குச் செய்கிறான். அவள் மறுநாள் வரவில்லை என்பதே அவர்களுக்கு எழுதிய கடிதம். கையெழுத்துப் போட்ட ஒருவன் போய்த் தன் பெயரை அடித்துவிட்டு வருகிறான். இன்னொருவன் கூட்டத்துக்கு வராமல் சாக்குச் சொல்கிறான். இவர்கள் யாரும் வேலை இழக்கவில்லை. ஆகவே புகார்ப் பட்டியலில் இவர்கள் பெயர் இல்லை. இழந்தது தைரியத்தை. அதற்குச் சம்பள பாக்கிக் கணக்கில் இடம் இல்லை.

அவர்களுக்கென்று சட்டம் வைத்திருப்பது அறிவிப்புப் பலகையில் ஒட்டும் அந்த ஒரு காகிதத்தை மட்டும்தான். முதலில் நானும் அதைப் பார்த்துச் சிரித்தவன்தான். இப்போது சிரிக்கவில்லை. அது நிர்வாகத்தின் வாயிலிருந்து வருவது போலவே எழுதப்பட்டிருக்கும். சங்கத்தில் சேர்ந்ததற்காக உங்களை நாங்கள் நீக்க மாட்டோம். இன்னாரை மீண்டும் வேலையில் வைத்துக்கொள்வோம் என்று வரிசையாக வாக்குறுதிகள். நேற்றுவரை மிரட்டல் தொங்கிய அதே பலகையில், அதே மானேஜரின் கையெழுத்தோடு இது தொங்குகிறது. மனம் திருந்தி எழுதியதா? இல்லை. ராஜியில் முடியும் வழக்குகள் பலவற்றில், தவறு செய்ததாக நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்ற நிபந்தனையைக் கூடச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனாலும் படிக்கிறவனுக்கு முதலாளியின் மனம் முக்கியம் அல்ல. தனக்கு மேலே இருக்கிறவனுக்கும் மேலே ஒன்று இருக்கிறது என்று அவன் கண்ணால் பார்க்கிறான். ஸ்டீவன்ஸ் கம்பெனி திரும்பத் திரும்பச் சட்டத்தை மீறியபோது, காகிதத்தை ஒட்டினால் போதாது, தொழிலாளரைக் கூட்டி உரக்கப் படிக்க வேண்டும் என்று வாரியம் உத்தரவிட்டது. கம்பெனி தானே படிக்க விரும்பாவிட்டால் வாரியத்தின் ஆள் படிக்கலாம் என்று நீதிமன்றம் சலுகை காட்டிற்று. நாலு வரியை உரக்கப் படிப்பது பெரிய கம்பெனிக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது என்றால், அந்த நாலு வரியில் ஏதோ இருக்கிறது!

ஆனால் அந்தக் காகிதம் மறு வாரம் தொங்கினால் அது தைரியம். நாலு வருஷம் கழித்துத் தொங்கினால் அது வெறும் காகிதம். அன்று பயந்தவர்கள் இன்று அங்கே இருக்க மாட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு ‘இன்னார்’ யார் என்றே தெரியாது. தாமதத்தைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. வழக்கு முடியும்முன்பே நீக்கியவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு கேட்கும் அதிகாரத்தை 1947-ஆம் வருஷச் சட்டமே வாரியத்துக்குத் தந்திருக்கிறது. மெம்பிஸ் நகரத்தில் ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடை ஒன்றில் 2022-ல் நீக்கப்பட்ட ஏழு பேருக்கு அப்படி ஓர் உத்தரவு கிடைத்தது. கம்பெனி மேலே போயிற்று. 2024-ல் உச்ச நீதிமன்றம் அத்தகைய உத்தரவுகளைப் பெறுவதைக் கடினமாக்கிவிட்டது. அடுத்த வருஷமோ, ஜனாதிபதி ஓர் உறுப்பினரை நீக்கியதால், 2025-ன் பெரும் பகுதியில் வாரியத்துக்குத் தீர்ப்புச் சொல்லத் தேவையான எண்ணிக்கையே இல்லை. வழக்குகள் காத்துக்கிடந்தன. காத்திருப்பது யாருக்கு லாபம் என்று சொல்லவும் வேண்டுமா?

தண்டிக்கிற நியாயம் தாமதமாக வரலாம். பத்து வருஷம் கழித்துப் பிடிபட்ட கொலைகாரனும் கொலைகாரன்தான். தண்டனையின் பொருள் கெட்டுவிடாது. மீட்டுத் தருகிற நியாயத்துக்கு அந்த வசதி இல்லை. மீட்க வேண்டிய பொருள் நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருக்கிறது. பழி வாங்க மாட்டேன், இழந்ததை மாத்திரம் திருப்பித் தருவேன் என்று ஒரு சட்டம் சொல்லுமானால், அது ஓடி வந்தாக வேண்டும். கருணையையும் நிதானத்தையும் ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ள அதற்கு உரிமை இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டால் அநியாயம் செய்கிறவன் சுலபமாகக் கணக்குப் போட்டுவிடுகிறான்: ஒருத்தியின் சில வருஷச் சம்பளத்தில், அதுவும் கழிவு போக, நூறு பேரின் மௌனத்தை வாங்கிவிடலாம். வியாபாரத்தில் இவ்வளவு மலிவான சரக்கு வேறு உண்டா?

இது ஆலைகளுக்கு மாத்திரம் உரிய விஷயம் அல்ல. வீட்டில், பள்ளிக்கூடத்தில், அலுவலகத்தில், ஒருவரைப் பலர் எதிரே அவமானப்படுத்திவிட்டுப் பிறகு தனியே கூப்பிட்டு, மறந்துவிடு என்கிறோம். பல நாள் கழித்துச் சொல்கிறோம். பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் சொல்வதே இல்லை. தண்டனை வேண்டாம் என்கிற பெரிய மனம் நமக்கு இருக்கட்டும். ஆனால் பட்டவருக்கு உரியதை, எல்லாரும் பார்த்த அந்த இடத்திலேயே, அன்றைக்கே திருப்பித் தருகிற அவசரமும் நமக்கு வேண்டும். சிவபெருமான் கன்றை எழுப்பியது திருவாரூர் வீதியில், ஊரே பார்த்துக்கொண்டிருந்தபோது, பசுவின் மடியில் பால் வற்றுவதற்கு முன்னால்.